கடிவாய் இல்லாத விஷம்

பாம்பு கடித்தவர் வாயில் முதலில் ஒரு கொத்து வேப்பிலையைத் திணிப்பார்கள். சில ஊர்களில் சிறியாநங்கை, சில ஊர்களில் மிளகு. கசந்தால், காரம் தெரிந்தால் பயமில்லை. ருசி மாறினால் விஷம் ஏறிவிட்டது என்று கணக்கு. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் இருந்த வழக்கம் இது. நாக்கின் சாட்சியை மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் கூட நின்றவர்கள் கவலையோடு பார்த்த இன்னொன்றை ஏற்கிறது: கண் சொருகுகிறதா, இமை இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சில் உள்ளே போகிறதா? நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் முதலில் தளர்பவற்றில் ஒன்று இமையைத் தூக்கும் தசை. அவசர சிகிச்சைப் பிரிவில் இன்றைக்கும் டாக்டர் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று அது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் அந்தப் பார்வைக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் ஆஸ்பத்திரி வெகு தொலைவில் இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. 1976-ல்தான் அரசு அதைத் தன் நேரடி நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தது. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவிக்கும் இந்தச் சரிவுகளில், நோயாளியைக் கட்டிலிலோ தூளியிலோ தூக்கிக்கொண்டு இறங்கியதெல்லாம் பழங்கதை அல்ல. சாலை சரியில்லாத குக்கிராமங்கள் இன்னும் இருக்கின்றன.

கட்டுவிரியன் ஒரு விசித்திரமான எதிரி. ராத்திரியில் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலி அவ்வளவாக இருக்காது, பல் பட்ட தடமும் பல நேரம் தெரியாது. விடியும்போது வயிற்று வலி, வாந்தி. பிறகு இமை தொங்கும். வீட்டார் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை தேடியும் கடிவாய் அகப்படாது. இதைப் பக்கவாதம் என்றோ வேறு நரம்பு நோய் என்றோ நினைத்து ஆஸ்பத்திரிகளே தடுமாறிய கதைகள் இந்திய மருத்துவ இதழ்களில் உண்டு.

உண்மையிலேயே எதுவும் கடிக்காமல் இமை இறங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் விஷத்தின் வேலையைச் செய்வது அவர்களுடைய சொந்த ரத்தம்.

மயஸ்தீனியா கிரேவிஸ் என்பது அந்த நோயின் பெயர். அரிதானது, 1984-ல் அமிதாப் பச்சனுக்கு வந்தபோதுதான் இந்தியாவில் பலரும் அந்தப் பெயரையே கேட்டார்கள். கிருமியை எதிர்க்கவேண்டிய எதிர்ப்புப் புரதங்கள் தடம் மாறி, நரம்பின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் தசை ஏற்பிகளைத் தாக்குகின்றன. பதினெட்டு வயதுக்குள் தொடங்கினால் சிறார் வகை என்கிறார்கள். பூப்படைந்த பிறகு வருவது பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம்.

இதன் குணமே களைப்புதான். அதுவும் நேரம் பார்த்து வரும் களைப்பு. காலைப் பிரேயரில் நிமிர்ந்து நிற்கும் பெண், கடைசி பீரியடில் ஒரு கண்ணை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பாள். எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். நாலு வரி உரக்க வாசித்தால் குரல் மூக்கில் ஏறும். முறுக்கைக் கடித்துப் பாதியில் வைத்துவிடுவாள்; மெல்லத் தேவையில்லாத களி வழுக்கிக்கொண்டு இறங்கும். சிரித்தால் முகம் சிரிக்காது. சற்று ஓய்வெடுத்தால் எல்லாம் திரும்பிவிடும். அதுதான் வம்பு. தூங்குமூஞ்சி, சோம்பேறி, நடிக்கிறாள் என்ற பட்டங்கள் நோயின் பெயருக்கு முன்பே வந்து சேரும்.

இந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததே ஒரு விடலைப் பையனால்தான். பெர்லினில் ஃப்ரீட்ரிக் யோலி என்ற மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைச் சக மருத்துவர்கள் முன்னால் காட்டினார். மின்சாரத்தால் தசையைத் திரும்பத் திரும்பத் தூண்டினார். துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. சற்று நிறுத்தினால் மீண்டது. களைப்பு மனதில் இல்லை, தசையில்தான் இருக்கிறது என்பதற்குக் கண்முன்னே சாட்சி. 1895-ல் அவர் எழுதிய கட்டுரைதான் மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற பெயரை நிலைக்க வைத்தது. இன்றும் நரம்பியல் பிரிவில் செய்யும் ஒரு சோதனை அந்த மின்தூண்டலின் வாரிசு.

மருந்து கிடைக்க மேலும் நாற்பது வருஷம் ஆனது, அதுவும் விஷத்தின் வழியாகவே. லண்டன் கிரீனிச்சில் புனித ஆல்ஃபெஜ் மருத்துவமனையில் வேலை பார்த்த மேரி வாக்கருக்கு, இந்த நோயின் லட்சணம் தென்னமெரிக்க அம்பு விஷமான குராரே ஏறியவர்களின் லட்சணம் மாதிரியே இருக்கிறது என்று பட்டது. அப்படியானால் குராரேக்கு மாற்று மருந்து இதற்கும் கேட்கவேண்டுமே? ஆப்பிரிக்கக் கலபார் கொட்டையிலிருந்து எடுக்கும் ஃபைசோஸ்டிக்மினை ஊசியில் ஏற்றினார். தொங்கிய இமை சற்று நேரத்தில் எழுந்தது. 1934-ல் லான்செட் இதழில் அதைக் கடிதமாக எழுதினார். அதன் தம்பியான நியோஸ்டிக்மின் அடுத்த வருஷமே கைக்கு வந்தது. நல்ல பாம்பு கடித்து இமை தொங்கி வருபவருக்கு, விஷமுறிவு மருந்தோடு, அட்ரோபினைத் துணையாக வைத்து நம்மூர் ஆஸ்பத்திரிகளில் போடுவதும் இதே நியோஸ்டிக்மின்தான்.

1936-ல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஆல்ஃபிரட் பிளேலாக், இந்த நோய் கண்ட பத்தொன்பது வயதுப் பெண்ணின் நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில் இருந்த கட்டியை அகற்றினார். அவள் தேறினாள். தைமஸை எடுப்பது ஒரு சிகிச்சையாகவே வளர்ந்தது.

இந்த நோய் ஏன் வருகிறது என்பதைச் சொன்னது கட்டுவிரியனின் உறவுக்காரப் பாம்பு. தைவானில் கிடைக்கும் வரிக்கட்டு விரியனின் விஷத்திலிருந்து சாங், லீ என்ற இரு ஆய்வாளர்கள் 1963-ல் ஆல்ஃபா பங்காரோடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். அது தசையின் ஏற்பியில் போய் ஒட்டினால் விடாது. அந்தப் பிடிவாதமே விஞ்ஞானிகளுக்கு வசதியானது: ஒட்டிய விஷத்தை அளந்தால் ஏற்பி எத்தனை என்று தெரிந்துவிடும். 1973-ல் பால்டிமோரில் ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி மூவரும் அப்படி எண்ணிப் பார்த்து, இந்த நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதே வருஷம் கலிஃபோர்னியாவில் பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ரமும் மின்சார விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசி போட்டார்கள். முயல்கள் தலை தொங்கித் தளர்ந்தன. நியோஸ்டிக்மின் வகை மருந்து கொடுத்ததும் நிமிர்ந்தன. உடம்பே உடம்பைத் தாக்குகிறது என்று 1960-ல் ஸ்காட்லாந்தின் ஜான் சிம்ப்சன் சொன்ன ஊகம் நிரூபணமாயிற்று.

தமிழ்நாட்டில் பாம்பு விஷத்தோடு பிழைப்பு நடத்துபவர்கள் இருளர்கள். பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்த பிறகு, 1978-ல் அவர்களுக்கான பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே திரும்ப விடுவார்கள். விஷமுறிவு மருந்து தயாராவது அந்த விஷத்தில்தான். மயஸ்தீனியா என்ற கடிவாய் இல்லாத விஷத்துக்கு அப்படி ஒரு முறிவு கிடையாது. பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை மணிக்கணக்கு பார்த்து, சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடவேண்டும். தாடை வேலை செய்யும் அந்த நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டும். பலருக்கு ஸ்டீராய்டும் சேரும். முகம் உப்பும், பரு வரும். கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்கும் வயதில் அது சின்ன விஷயமில்லை. காய்ச்சலுக்குப் போடும் ஜென்டாமைசின் ஊசிகூட இவர்களுக்கு மூச்சை நிறுத்திவிடலாம். அதனால் நோயின் பெயரை எழுதிய சீட்டு எப்போதும் பையில் இருக்கவேண்டும்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியும் எட்டவேண்டும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். அதற்கு முன்பு பெரிய ஆஸ்பத்திரி என்றால் சேலமோ முண்டியம்பாக்கமோ ஜிப்மரோதான்.

முதல் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. கையுறையில் ஐஸ்கட்டியை முடிந்து, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைப்பார்கள். குளிர்ச்சியில் இமை சற்று எழுந்தால் சந்தேகம் வலுக்கும். கூட வந்தவர்கள் அப்போதும் குதிகாலில் கடிவாயைத் தேடிக்கொண்டிருக்கலாம். டாக்டர் கேட்பதோ செல்போனை: பழைய படம் ஏதாவது இருக்கிறதா? கோயில் திருவிழாவில் காலையில் எடுத்த படத்தில் இரண்டு கண்ணும் விரியத் திறந்திருக்கும். அதே நாள் சாயங்காலம் எடுத்ததில் இடது இமை பாதி இறங்கியிருக்கும், தேதியைப் பார்த்தால் நாலு மாதத்துக்கு முன்பு.