பறவைகளை எண்ணியவர்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டத்துப் பையன்கள் முதலில் தேடுவது கவணைத்தான். கொய்யாக் கிளையும் பழைய சைக்கிள் டியூப்பும் கிடைத்தால் போதும். மைனாவுக்கும் புறாவுக்கும் அன்று நிம்மதி இல்லை. இதற்காக நாம் பிள்ளைகளை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. கற்றறிந்த பெரியவர்களும் ஒரு காலத்தில் பறவையைச் சுட்டுத்தான் அறிந்துகொண்டார்கள். அந்த வழக்கம் மாறிய வரலாற்றை இன்று பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோலாலம்பூரிலிருந்த சிலாங்கூர் அரும்பொருட் காட்சிசாலைக்கு ஹெர்பர்ட் ராபின்சன் என்பவர் பொறுப்பாளராக இருந்தார். மலையிலும் காட்டிலும் சுட்டுக் கொண்டுவந்த பறவைகளின் தோலைப் பதப்படுத்தி, கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்து வைத்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தால்தான் இனம் தெரியும் என்று கருதிய காலம் அது. 1927-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த, மலாயாத் தீபகற்பத்துப் பறவைகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் அந்த உழைப்பின் பயனே.

அதே காலத்தில் வாழ்ந்த தியோடர் ஹப்பேக், யானையையும் காட்டெருதையும் வேட்டையாடி, அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். அவரே பின்னர் மனம் மாறி, காட்டு விலங்குகளுக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். அதன் பலனாக 1938, 1939-ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் காடு ஒதுக்கப்பட்டது. அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கிய அந்தப் பூங்காதான் இன்றைய தாமான் நெகாரா.

1940-இல் மலாயா இயற்கைச் சங்கம் தோன்றியது. தொடக்கத்தில் அதில் வெள்ளைக்காரர்களே மிகுதி. பின்னாளில் எல்லா இனத்தவரும் சேர்ந்தனர். வார இறுதியில் ஓரிரவு கூடாரம் போட்டுத் தங்கி, விடியலில் பறவை பார்த்து, கண்டதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவார்கள்.

எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். கோலசிலாங்கூருக்கு வாருங்கள். அங்குள்ள புக்கிட் மெலாவத்திக் கோட்டையை 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்ததும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டதும் நாம் பள்ளியில் படித்த செய்திதான். அந்தக் குன்றின் அடிவாரத்தில் கடலோரமாகப் பாக்காவ் காடும் சேற்றுவெளியும் இருக்கின்றன. கொசுவும் சேறும் நிறைந்த இப்படிப்பட்ட இடத்தை வீண் நிலம் என்று ஒதுக்குவதே உலக வழக்கம். ஆனால் செப்டம்பர் பிறந்தால் தொலைதூரச் சைபீரியாவிலிருந்து உள்ளான்கள் வந்திறங்கும். சேற்றில் புழு கொத்தி உடம்பைத் தேற்றிக்கொண்டு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பிப் போகும். பார்த்து எண்ணியவர்களுக்கு அந்த நிலத்தின் மதிப்பு தெரிந்தது. இயற்கைச் சங்கம் முன்வைத்த யோசனைப்படி 1987-இல் அவ்விடம் இயற்கைப் பூங்காவாயிற்று. 150-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் அங்கே பதிவாகியுள்ளன.

எங்கள் மாணவர்களை நாங்கள் அங்கு அழைத்துச் சென்றோம். கவண் கொண்டுவரக் கூடாது என்பது கட்டளை. ஒரு பையன் மட்டும் கால்சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தான். நாங்கள் அதைப் பறிக்கவில்லை. வெள்ளைக் கொக்குகளை எண்ணும் பொறுப்பை அவனிடமே கொடுத்தோம். பக்கத்தில் இன்னொருவன் கல்லை எடுத்தபோது, "எறியாதே, கணக்குக் கலைஞ்சிடும்" என்று முதலில் தடுத்தவன் அவன்தான்.

நேயர்களே! நம் தாத்தா பாட்டிமார் காடு வெட்டித் தோட்டம் போட்டவர்கள். பிறகு எத்தனையோ தோட்டங்களில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. அந்தக் காட்டில் எந்தப் பறவை கூவியது, ரப்பர் காட்டில் எது கூடு கட்டியது என்று நம்மில் எத்தனை பேர் எழுதி வைத்தோம்? எழுதாததால் போனது இன்னதென்று சொல்லவும் நமக்கு வழியில்லை.

ஆகவே, வரும் விடுமுறையில் பிள்ளைகளை அருகிலுள்ள ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் செல்லுங்கள். கடலோரமானால் நீர் ஏறும் நேரத்தை விசாரித்துப் போங்கள்; அப்போதுதான் பறவைகள் கரையை ஒட்டி வரும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். நாள், இடம், பறவை, எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் எழுதட்டும். அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.