மென்சவ்வுக் கொழுப்பும் நொதியங்களின் தெரிவும்

கலமென்சவ்வுகளின் பொசுபோலிப்பிட்டுக்கள் ஆக்கப்படும் முறையை ஆராய்ந்தோருள் கெனடி, வைஸ் ஆகியோர் முதன்மையானவர்கள். அவர்கள் தூய அடினோசின் முப்பொசுபேற்றைப் பயன்படுத்தியபோது இலெசித்தின் உருவாகவில்லை. தூய்மை குறைந்த மாதிரியே பயன் தந்தது. அதில் மாசாகக் கலந்திருந்த சிற்றிடின் முப்பொசுபேற்றே இன்றியமையாதது என அவர்கள் நிறுவினர்.

எனினும், கிளிசரோலின் முதலிடத்தில் நிரம்பிய கொழுப்பமிலமும் இரண்டாமிடத்தில் நிரம்பாததும் பெரிதும் அமைவதற்கான காரணம் முற்றாக விளங்கவில்லை. உருவான மூலக்கூறில் ஒரு கொழுப்பமிலம் நீக்கப்பட்டு வேறொன்று ஏற்றப்படுவதை லான்ட்ஸ் 1958இல் எடுத்துக்காட்டினார். நொதியம் எக்கீழ்ப்படையைத் தெரிந்தேற்கிறது என்பதே பின்னர் வினாவாயிற்று.

1980களின் பிற்பகுதியில் ஜோன் பென் வளர்த்த மின்தெளிப்பு முறை, மூலக்கூறுகளைச் சிதைக்காது திணிவுத் திருசியமானியிற் செலுத்த உதவியது. பல கொழுப்பமிலங்களை நொதியத்துக்கு ஒருங்கே அளித்து, விளைபொருள்களைத் திணிவால் வேறுபடுத்தல் இதனால் இயல்வதாயிற்று. தூய்மையை மட்டும் நாடும் ஆய்வு, கலவையிற் புலனாகும் உண்மையைத் தவறவிடலாம் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு.