நான்காவது மரத்தடியில்

நேயர்களே, ஒருவர் நம்மிடம் வந்து, "இந்த மருந்தை எடுத்தேன், என் வருத்தம் மாறிவிட்டது" என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்பவரல்லர். வருத்தம் இருந்தது உண்மை; மருந்தை எடுத்தது உண்மை; வருத்தம் மாறியதும் உண்மை. ஆனால் மருந்தினால்தான் மாறியதா? மூன்று உண்மைகளை அடுத்தடுத்து வைத்தால் நான்காவது உண்மை தானாகப் பிறந்துவிடுமா? இந்தக் கேள்விக்கு ஒரு பழத்தோட்டத்திலே விடை தேடிய கதையை இன்று பார்ப்போம்.

பிரெஞ்சுப் புரட்சிக்குச் சில ஆண்டுகள் முந்திய பாரிஸ் நகரம். 1778ஆம் ஆண்டு வியன்னாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்தார் பிரான்ஸ் அன்ரன் மெஸ்மர் என்ற வைத்தியர். மெஸ்மெரிசம் என்று நாம் இன்று சொல்லும் சொல் இவருடைய பெயரிலிருந்து பிறந்ததே. பிரபஞ்சமெங்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணிய திரவம் நிறைந்திருக்கிறது. மனித உடலில் அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய். அந்த ஓட்டத்தைச் சீராக்குவதே வைத்தியம் என்பது அவருடைய கொள்கை. இதற்கு அவர் 'உயிர்க்காந்தம்' என்று பெயரிட்டார்.

அவருடைய வைத்தியக்கூடமோ ஒரு நாடகமேடை போன்றது. நடுவிலே மரத்தாலான பெரிய தொட்டி. அதன் மூடியிலிருந்து வளைந்து நீளும் இரும்புக் கம்பிகள். நோயாளிகள் சுற்றியிருந்து அந்தக் கம்பிகளைத் தத்தம் நோவுள்ள இடத்திலே வைத்துக்கொள்வார்கள். கண்ணாடிக் கிண்ணங்களாலான வாத்தியமொன்றிலிருந்து மெல்லிய இசை எழும். சிறிது நேரத்தில் ஒருவர் அழுவார், ஒருவர் சிரிப்பார், மற்றொருவர் வலிப்புக் கண்டு விழுவார். அந்த வலிப்பே குணமாவதன் அறிகுறி என்று சொல்லப்பட்டது. பிரபுக்களும் சீமாட்டிகளும் திரண்டு வந்தார்கள். குணமடைந்தோம் என்று பலர் எழுதியும் கொடுத்தார்கள்.

1784ஆம் ஆண்டிலே பதினாறாம் லூயி மன்னன் இதை ஆராய ஒரு குழுவை நியமித்தான். அதிலிருந்தவர்கள் சாமானியர்களல்லர். நவீன இரசாயனத்தின் தந்தை எனப்படும் லவோசியர், வானியலறிஞர் பையி, வைத்தியர் கில்லட்டின் ஆகியோரோடு, அமெரிக்காவின் தூதுவராக அங்கு வாழ்ந்த எழுபத்தெட்டு வயதுப் பெஞ்சமின் பிராங்ளினும் இருந்தார். மெஸ்மர் பயன்படுத்திய அந்தக் கண்ணாடி வாத்தியத்தை உருவாக்கியவரே பிராங்ளின்தான் என்பது சுவையான செய்தி.

மெஸ்மர் குழுவோடு ஒத்துழைக்க மறுத்தார். அவருடைய சீடரான வைத்தியர் தெலோன் முன்வந்தார். 'எத்தனைபேர் குணமடைந்தார்கள் என்று பாருங்கள், அதுவே போதும்' என்பதுதான் காந்த வைத்தியர்களின் வாதம். குழுவினர் இதை ஏற்கவில்லை. பல நோய்கள் மருந்தில்லாமலே மாறுகின்றன. ஒன்றுக்கொன்று நேர்மாறான வைத்தியங்களும் தத்தம் வெற்றிகளைக் காட்டுகின்றன. ஆகவே குணமானவர்களின் வாக்குமூலம் திரவத்துக்குச் சான்றாகாது என்றார்கள். முதலில் அந்தத் திரவம் இருக்கிறதா என்று பார்ப்போம் என்பதே அவர்கள் வகுத்த வழி.

பாரிசுக்கு அருகே பாஸியில், பிராங்ளின் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் ஓர் அப்ரிகொட் மரத்துக்குத் தெலோன் காந்தமூட்டினார். காந்தத்தை நன்கு உணரக்கூடியவன் என்று அவரே தெரிந்து அழைத்துவந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கண்களைக் கட்டி, காந்தமூட்டப்படாத மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றார்கள். முதல் மரத்தைக் கட்டிப்பிடித்தபோதே வியர்க்கிறது, தலை வலிக்கிறது என்றான். இரண்டாவதில் தலைவலி தொடர்ந்தது. மூன்றாவதில், 'காந்த மரம் கிட்ட வந்துவிட்டது' என்றான். நான்காவது மரத்தடியில் கைகால் விறைத்து மயங்கி விழுந்தான். காந்த மரமோ அங்கிருந்து சுமார் 24 அடி தள்ளி நின்றது!

தெலோன் சளைக்கவில்லை. எல்லா மரங்களிலும் இயல்பாகவே காந்தம் உண்டு என்றார். அப்படியானால் காந்தத்தை உணரக்கூடியவர் எவரும் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாதே என்பது குழுவினரின் பதில்.

சோதனைகள் தொடர்ந்தன. கதவுக்கு அப்பால் தெலோன் நின்று காந்தமூட்டுகிறார் என்று ஒரு பெண்ணிடம் சொன்னார்கள். சில நிமிடங்களில் அவள் உடல் நடுங்கி வலிப்புக் கண்டது. கதவுக்கு அப்பால் எவரும் இல்லை. தையல் வேலை என்று சொல்லி அழைக்கப்பட்ட மற்றொரு பெண்ணுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து அரைமணி நேரம் இரகசியமாகக் காந்தமூட்டினார்கள். அவளோ எதையும் உணராமல் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தாள். இலாத காந்தம் வேலை செய்தது. இருந்த காந்தம் வேலை செய்யவில்லை. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: நோயாளிக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா?

1784 ஆகஸ்டில் அறிக்கை வெளியாயிற்று. திரவம் என்று ஒன்றிருப்பதற்குச் சான்றில்லை. காணப்பட்ட விளைவுகளுக்குக் கற்பனையே முக்கிய காரணம் என்பது அதன் சாரம். இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சிறுவன் நடித்தான் என்று குழுவினர் சொல்லவில்லை. அவனுடைய வியர்வை மெய், மயக்கம் மெய். காரணம் மட்டுமே பொய்.

தெலோன் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டிருந்தார்: கற்பனை குணப்படுத்துமானால், அந்தக் கற்பனையையே மருந்தாகக் கொண்டால் என்ன? இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. நம்பிக்கை நோவைத் தணிக்கும் என்பதை இன்றைய வைத்தியமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் மெஸ்மரின் போதனை அத்தோடு நிற்கவில்லை. நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே என்றது அது. நம்பிக்கையால் தணிகின்ற தலைவலிக்காரரும் நம்பிக்கையால் தணியாத கட்டியுள்ளவரும் ஒரே தொட்டியைச் சுற்றியிருந்தார்கள். இரண்டாமவர் அங்கே இழந்தது காலத்தை. காலம் போனால் உயிரும் போகலாம்.

அந்தக் குழுவினர் சிலரின் முடிவு துயரமானது. பையி 1793இலும் லவோசியர் 1794இலும் புரட்சியின் கொலைக்கருவிக்குத் தலைகொடுத்தார்கள். அந்தக் கருவியோ தம் சகாவான கில்லட்டினின் பெயரைத் தாங்கியது. ஆனால் அவர்கள் காட்டிய வழி மாளவில்லை. 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோன் ஹேகார்த் என்ற வைத்தியர், அமெரிக்கரான பேர்க்கின்ஸ் என்பவரின் புகழ்பெற்ற உலோகக் கோல்களைப் போல மரக்கோல்களைச் செய்து, வர்ணம் பூசி, நோயாளிகளின் உடலில் தடவிப் பார்த்தார். ஐவரில் நால்வர் நோவு குறைந்தது என்றார்கள். மறுநாள் உண்மையான உலோகக் கோல்களும் அதற்குமேல் எதையும் சாதிக்கவில்லை.

அப்படியானால் ஐயம் என்பது உடைக்க மட்டுமே தெரிந்த கோடரியா? அல்ல. 1948இல் பிரித்தானியாவில் காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் மருந்தைச் சோதித்த அறிக்கை வெளிவந்தது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல் எழுந்தமானமாகத் தீர்மானித்தார்கள். எக்ஸ்றே படங்களை வாசித்தவர்களுக்கு, எந்தப் படம் எவருடையது என்று தெரியாது. பழத்தோட்டத்துச் சிறுவனின் கண்கட்டு இப்போது வைத்தியரின் கண்ணுக்கு வந்துவிட்டது! ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் நால்வர் இறந்தனர்; ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். மெஸ்மரின் திரவத்தை இல்லையென்று காட்டிய அதே ஐயம், இந்த மருந்தை உண்டென்று காட்டியது.

நேயர்களே, சந்தேகிப்பது நோயாளியை அவமதிப்பதாகாது. அவருடைய நோவை மதிப்பதால்தான், அதற்குச் சொல்லப்படும் மருந்தை நாம் சோதிக்கிறோம். "எனக்குச் சுகம் வந்தது" என்று ஒருவர் சொல்லும்போது மகிழ்வோம். அந்த மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் மனதில் வைத்துக்கொள்வோம்: இது காந்த மரமா, அல்லது நான்காவது மரமா?