பந்தய மிதிவண்டியின் பாகங்கள்

சாலைப் பந்தயத்திற்குரிய மிதிவண்டியைக் கடையில் முழுதாக வாங்காமல், சட்டம் ஓரிடத்தில், சக்கரம் ஓரிடத்தில், பல்சக்கரம் வேறோரிடத்தில் என்று தேர்ந்தெடுத்துத் தாமே பூட்டிக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலமாக உண்டு. இதில் இறங்குகிற இளைஞன் முதலில் சந்திப்பது ஒரு வியப்பு. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரு பாகங்களுள் ஒன்று சட்டத்தில் ஏறுகிறது. மற்றது ஏற மறுக்கிறது. இம்மறுப்புக்குக் காரணம் அறிய வேண்டுமாயின் வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

பெடல் தண்டு சுழலும் அச்சுக்கு இருபுறமும் இரண்டு கிண்ணங்கள் உண்டு. நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர்கள் பி.பி. கப் என்பார்கள். இக்கிண்ணத்தின் மரை விட்டத்தை ஆங்கிலேயர் 1.37 அங்குலம் என்று வகுத்தனர். ஓர் அங்குலத்துக்கு 24 மரை. பிரெஞ்சுக்காரர் 35 மில்லிமீட்டர் என்றும், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டனர். 1.37 அங்குலம் என்பது 34.8 மில்லிமீட்டர். ஆக, இரு நாடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே! உங்கள் பெட்டியிலுள்ள அளவுகோலால் இதைக் காண இயலாது; ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவி வேண்டும். இத்தாலியரோ விட்டத்தை 36 மில்லிமீட்டராக்கி, மரையை மட்டும் ஆங்கில அங்குலக் கணக்கிலேயே விட்டுவிட்டனர். அரசியல் எல்லைகள் போர்களால் பலமுறை மாறின. மரையின் எல்லைகளோ அசையவில்லை.

திசையிலும் வேறுபாடு உண்டு. ஆங்கில முறையில் வலப்புறக் கிண்ணத்துக்கு இடஞ்சுழி மரை. மிதிக்கும்போது உண்டாகும் சுழல் அழுத்தம் வலப்புறக் கிண்ணத்தைச் சிறிது சிறிதாகக் கழற்ற முயல்கிறது. அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. பிரெஞ்சு, இத்தாலிய முறைகளில் இரு புறமும் வலஞ்சுழியே. ஆதலின் அவ்வண்டிகளில் வலப்புறக் கிண்ணத்தை மிக இறுக்கமாகப் பூட்ட வேண்டியிருந்தது. இவ்வளவு பிணக்குக்கிடையே சங்கிலி மட்டும் எல்லார்க்கும் பொதுவாயிற்று. கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம் என்பதை மெட்ரிக் முறையின் தாயகமான பிரான்சும் ஏற்றுக்கொண்டது. 1970களில் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 10 மில்லிமீட்டர்ச் சங்கிலியைக் கொணர்ந்து பார்த்தது, அது நிலைக்கவில்லை.

இனிப் பல்சக்கரத்தின் கதைக்கு வருவோம். பிரான்சிலுள்ள செயின்ட் எத்தியென் நகரில் பால் த விவீ என்பவர் 1887இல் மிதிவண்டி வாணிகம் தொடங்கி, இதழ் ஒன்றும் நடத்தினார். வெலோசியோ என்பது அவருடைய புனைபெயர். 1853இல் பிறந்த அவர் முன்னர்ப் பட்டு வணிகர். அந்நகரம் மலைகளால் சூழப்பட்டது. ஒரே பல்சக்கரத்துடன் மலையேறும் துன்பத்தை நாள்தோறும் கண்ட அவர், வெவ்வேறு பல்சக்கரங்களைப் பொருத்தித் தாமே ஓட்டி ஆராயத் தலைப்பட்டார். கணக்கு எளியது. முன்னே 48 பற்களும் பின்னே 16 பற்களும் இருப்பின், பெடல் ஒரு சுற்றுச் சுற்றப் பின்சக்கரம் மூன்று சுற்றும். வண்டி ஏறக்குறைய 6.3 மீட்டர் செல்லும். பின்னே 24 பற்களாயின் இரண்டே சுற்று, 4.2 மீட்டர். தூரம் குறைகிறது; காலின் பாரமும் குறைகிறது. சமவெளிக்கு முன்னது, மலைக்குப் பின்னது. தொடக்கத்தில் சங்கிலியைக் கையால் எடுத்து மாற்றினர். பின்னர், ஓடும்போதே சங்கிலியைத் தள்ளி மாற்றும் கருவி தோன்றியது. அதன் பெயர் டிரெய்லர். பிரெஞ்சு மொழியில் தடம்புரளச் செய்வது என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

இத்தகைய நன்மையை உலகம் உடனே ஏற்றிருக்கும் என்று எண்ணுவீர்கள். நடந்தது வேறு. 1903இல் தொடங்கிய டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் தலைவர் ஹென்றி தெகிராஞ்ச், போட்டியாளர் இக்கருவியைப் பயன்படுத்தலாகாது என்றார். வெற்றி தசையின் வலிமையால் வர வேண்டும், பொறியின் தந்திரத்தால் அன்று என்பது அவர் கட்சி. பல கியர்கள் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்க்கே உரியன என்றும் ஏளனம் செய்தார். அவரை மூடர் என்று தள்ளிவிடுதல் தகாது. மனிதன் வென்றானா, அவனுக்கு வண்டி செய்து கொடுத்த நிறுவனம் வென்றதா என்ற கேள்வி நேர்மையானது. இன்றும் விளையாட்டரங்குகளில் அது எழுகிறது. ஆயினும் தடையின் விளைவைப் பாருங்கள். பின்சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு பல்சக்கரம் பொருத்தி, மலையடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, இறகுத் திருகுகளைக் கழற்றிச் சக்கரத்தைத் திருப்பிப் பூட்டினர். உச்சியை அடைந்ததும் மறுபடி அதே வேலை. குளிரில் விறைத்த விரல்களுக்கு அது எளிதா? தடை 1937இல் நீங்கியது. டிரெய்லரைப் பயன்படுத்திய ரோஜே லப்பெபீ அவ்வாண்டே வென்றார். வெலோசியோ அதைக் காணவில்லை. 1930இல் டிராம் வண்டி மோதி இறந்துபோனார்.

இறகுத் திருகின் தொல்லைக்கு முடிவு கட்டியவர் இத்தாலியின் விசென்சாவைச் சேர்ந்த துல்லியோ கம்பாஞோலோ. தாமும் பந்தய வீரராயிருந்தவர். ஒரு நெம்புகோலை மடக்கினாலே சக்கரம் பூட்டிக்கொள்ளும் அச்சை 1930ஆம் ஆண்டளவில் அமைத்தார்; 1933இல் நிறுவனம் தொடங்கினார். இன்றும் எண்ணற்ற மிதிவண்டிகளில் அவ்வச்சைக் காணலாம். 1964இல் ஜப்பானின் மயேதா நிறுவனம், பல்சக்கரங்களின் சரிவை ஒட்டிச் சாய்வாக நகரும் டிரெய்லரை அமைத்தது. அதன் உரிமைக்காலம் முடிந்தபின் பிறரும் அவ்வமைப்பைக் கைக்கொண்டனர்.

1984இல் ஷிமானோ கொணர்ந்த மாற்றமே பாகம் தேர்ந்து பூட்டுவோரை மிகவும் சிந்திக்க வைப்பது. அதற்கு முன் கியர் நெம்புகோல் வெறும் உராய்வினால் நின்றது. ஓட்டுபவன் காதால் கேட்டுச் சரிசெய்துகொண்டான். ஆதலின் இத்தாலிய நெம்புகோலும் பிரெஞ்சு டிரெய்லரும் ஜப்பானியப் பல்சக்கரமும் ஒரே வண்டியில் இசைந்து வாழ்ந்தன. புதிய முறையிலோ நெம்புகோல் ஒருமுறை சொடுக்கினால் சங்கிலி துல்லியமாக ஒரு பல்சக்கரம் தாவும். ஒரு சொடுக்குக்குக் கம்பி எவ்வளவு இழுபடுகிறது, அவ்வளவு இழுப்புக்கு டிரெய்லர் எவ்வளவு நகர்கிறது, பல்சக்கரங்களின் இடைவெளி எவ்வளவு என்பவை தம்முள் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடின், சங்கிலி இரு பல்சக்கரங்களுக்கிடையே நின்று கரகரவென்று ஒலிக்கும்.