நூல் சுமந்தோர்: சார் ஆட்சியில் லிதுவேனியா

பேரரசுகள் ஒரு நாட்டை வெல்வதற்குப் படையை நம்புவன; வென்ற நாட்டைத் தம்மோடு ஒன்றாக்குதற்கோ பள்ளிக்கூடத்தையும் அச்சுக்கூடத்தையும் நாடுவன. இவ்விரண்டாவது முயற்சி எவ்வாறு முறியடிக்கப்படலாம் என்பதற்குப் பால்டிக் கடலோரத்து லிதுவேனியாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு தக்க சான்றாகும்.

லிதுவேனியா என்றுமே சிறுநாடாக இருந்ததன்று. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஆணை கருங்கடற் கரைவரை சென்றது. 1569 இல் லுப்லின் உடன்படிக்கையினால் அது போலந்துடன் இணைந்தது. காலப்போக்கில் பிரபுக்கள் போலந்து மொழியைத் தம்மொழியாகக் கொள்ள, லிதுவேனிய மொழி உழவர் குடிசைகளில் ஒதுங்கியது. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் அயலரசுகள் அக்கூட்டரசைப் பங்கிட்டபொழுது, லிதுவேனிய நிலத்தின் பெரும்பகுதி இரஷ்யாவின் வசமாயிற்று. மேற்கிலிருந்த சிறு லிதுவேனியா நெடுங்காலமாகவே பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது.

1830-31 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1579 இல் நிறுவப்பெற்ற வில்னியஸ் சர்வகலாசாலை 1832 இல் மூடப்பட்டது. நாட்டின் பழைய சட்டத்தொகுதி 1840 இல் நீக்கப்பட்டது. 1863 இல் மீண்டும் கிளர்ச்சி எழுந்தது. அதனை அடக்க வந்த தேசாதிபதி முராவியோவ் பலரைத் தூக்கிலிட்டார், பல்லாயிரவரை நாடுகடத்தினார். அவ்வளவில் அமையாது மொழியின்மீதும் கைவைத்தார். லிதுவேனிய நூல்களை இலத்தீன் எழுத்தில் அச்சிடுதல் 1864 முதல் தடைசெய்யப்பட்டது. இரஷ்ய எழுத்திலேயே அவை வெளிவரல் வேண்டும் எனப்பட்டது.

இத்தடையின் நோக்கம் லிதுவேனியரைப் போலந்தின் செல்வாக்கினின்றும் பிரித்து இரஷ்யராக்குவதேயாம். ஆயின் உழவர்க்கு நூல் என்பது முதலிற் செபப்புத்தகமே. இரஷ்ய எழுத்தில் வந்த செபப்புத்தகத்தைக் கத்தோலிக்கராகிய அவர்கள் தம் சமயத்தை மாற்றும் சூழ்ச்சியெனவே கண்டனர். இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்க மறுத்தனர்.

ஆயர் மொத்தியேயுஸ் வலன்சியுஸ் எல்லைக்கு அப்பால், பிரஷ்யாவில் நூல்களை அச்சிட ஏற்பாடு செய்தார். டில்சிற் முதலிய நகரங்களில் அச்சான செபநூல்களும், அரிச்சுவடிகளும், பஞ்சாங்கங்களும் மூட்டைகளாக இரவில் எல்லை கடந்தன. அவற்றைச் சுமந்தோரை மக்கள் 'நூல் சுமப்போர்' என்றனர். அகப்பட்டோர் சிறை சென்றனர்; சைபீரியாவுக்கும் அனுப்பப்பட்டனர். எல்லைக் காவலரின் குண்டுக்கு இரையானோரும் உளர். பல நூல்களின் முகப்பிலே தடைக்கு முந்திய ஆண்டு பொய்யாகப் பொறிக்கப்பட்டிருந்தது. இவர்களுள் ஜுர்கிஸ் பியலினிஸ் என்பார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பணியை ஆற்றினார். அந்நூல்களைக் கொண்டு தாய்மார் நூல் நூற்றுக்கொண்டே தம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தனர். கள்ளப் பள்ளிக்கூடங்கள் ஊர்தோறும் நடந்தன.

வரலாறு கற்போர் ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். செபநூல் சென்ற வழியிலேயே பின்னர்ப் பத்திரிகையும் சென்றது. 1883 இல் யோனஸ் பசனவிசியுஸ் தொடக்கிய 'அவுஷ்ரா'வும் (விடியல்), 1889 முதல் வின்சஸ் குதிர்க்கா நடத்திய 'வர்ப்பஸ்'உம் (மணி) பிரஷ்யாவிலே அச்சாகி லிதுவேனியாவிலே படிக்கப்பட்டன. உழவர் மொழி நாட்டின் மொழியாயிற்று. போலந்தினின்றும் பிரித்தல் என்ற அளவில் சார் அரசின் எண்ணம் நிறைவேறியது. ஆயின் பிரிந்தோர் இரஷ்யராகவில்லை, லிதுவேனியராயினர்.

நாற்பதாண்டு நிலவிய தடை, இரஷ்ய - யப்பானியப் போர் நடந்துகொண்டிருந்த 1904 இல் நீக்கப்பட்டது. 1918 பெப்ரவரி 16 இல் லிதுவேனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1940 இல் சோவியத் ஒன்றியத்தால் இணைக்கப்பட்டு, 1990 மார்ச் 11 இல் மீண்டும் தன் சுதந்திரத்தை நிலைநாட்டியது. பியலினிஸ் பிறந்த மார்ச் 16 ஆம் நாளை இன்று அந்நாட்டார் நூல் சுமந்தோர் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

வீரர்க்கு நாள் வகுத்த நாடுகள் பல. புத்தக மூட்டை சுமந்த உழவனுக்கு நாள் வகுத்த நாடு அரிது. சட்டம் அச்சுக்கூடத்தைப் பூட்டலாம்; பிள்ளைக்கு எழுத்தறிவிக்கத் துணிந்த தாயின் வீட்டை அதனாற் பூட்ட முடியவில்லை.