இலண்டன் மாநகரும் ஏழையின் பயணமும்



தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நமக்கு வேலைக்குப் போக வண்டி தேவைப்பட்டதில்லை. லயத்து வாசலைத் தாண்டினால் பெரட்டுக்களம். அதைத் தாண்டினால் பால்மரம். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு பட்டணத்து மருத்துவமனைக்குப் புறப்படும்போதுதான் ஒரு பஸ்ஸின் அருமை தெரியும். செம்மண் பாதையில் கால் கடுக்க நடந்து, சாலை முனையில் காத்து நின்றவர்கள் நம்மில் பலர். 'இந்த வண்டி யாருக்காக ஓடுகிறது?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. இதே கேள்வியோடு வளர்ந்த ஒரு தலைநகரின் வரலாற்றை இன்று பார்ப்போம். அந்நகரம் இலண்டன்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் செல்வர்கள் சொந்தக் குதிரை வண்டிகளில் போனார்கள், உழைப்பாளிகள் நடந்தார்கள். வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருந்தாக வேண்டுமே! அதனால் நகரின் நடுவே இருண்ட சந்துகளில், ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

1829ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் பேடிங்டனிலிருந்து பேங்க் என்ற இடம்வரை 'ஆம்னிபஸ்' வண்டியை ஓட்டினார். மூன்று குதிரைகள் இழுத்த அவ்வண்டியில் 22 பேர் அமரலாம். ஆம்னிபஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு 'எல்லாருக்கும்' என்பது பொருள். நாம் சொல்லும் 'பஸ்' அந்தப் பெயரின் வால்தான். ஆனால் கட்டணமோ ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ்! பெயர் எல்லாருக்கும்; இருக்கை காசுள்ளவருக்கு.

இந்நிலை மாற வேண்டுமென்று உழைத்தவர் சார்ல்ஸ் பியர்சன் என்ற வழக்கறிஞர். நிலத்துக்கு அடியில் இரயில் ஓடினால், தொழிலாளர்கள் நகருக்கு வெளியே காற்றோட்டமான வீடுகளில் குடியிருந்து வேலைக்கு வந்து போகலாம் என்று அவர் பல ஆண்டுகள் வாதாடினார். தெருவைத் தோண்டி, இருபுறமும் சுவர் எழுப்பி, மேலே வளைவு கட்டி மூடி, பாதை அமைத்தார்கள். 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் உலகின் முதல் சுரங்க இரயில் பொதுமக்களுக்காக ஓடியது. நிலக்கரிப் புகையையும் பொருட்படுத்தாமல் முதல் நாளிலேயே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்தனர். அதைக் காணப் பியர்சன் உயிரோடில்லை. சில மாதங்களுக்கு முன்பே, 1862இல், அவர் மறைந்துவிட்டார்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. இரயில் பாதைகளுக்காக இடிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி ஏழைகள் குடியிருந்த வீடுகள். வீட்டுக்காரருக்கு இழப்பீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஏழைக்காக எண்ணிய பாதை முதலில் ஏழையின் கூரையையே பிரித்தது. குடியிருந்த இடத்தை விட்டு வெளியேறும் வேதனை தோட்ட மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயினும் பியர்சனின் எண்ணம் வீண்போகவில்லை. 1864இல் அதே பாதையில் அதிகாலைத் தொழிலாளர் இரயில்கள் விடப்பட்டன. போகவர 3 பென்ஸ்தான் கட்டணம். 1883இல் 'மலிவு இரயில் சட்டம்' நிறைவேறியது. தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டண இரயில்களை விடும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த அரசாங்கத்துக்கு அதிகாரம் வந்தது. மலிவு இரயில் போன இடமெல்லாம் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. வால்தம்ஸ்டோவ், எட்மண்டன் போன்ற புறநகர்கள் அப்படி வளர்ந்தவையே.

1890இல் மின்சாரச் சுரங்க இரயில் வந்தது. 1910இல் 'பி' வகை மோட்டார் பஸ் தெருவில் இறங்கியது. அந்த பஸ்ஸின் ரப்பர்ச் சக்கரங்களைப் பற்றிப் பேசும்போது நமது கதையும் வந்துவிடுகிறது. பிரேசிலிலிருந்து 1876இல் கொண்டுவரப்பட்ட ரப்பர் விதைகள் இலண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில்தான் முளைவிட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மேல்நாட்டில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தனர். அவர்கள் விடியற்காலையில் சீவிய மரங்களின் பால் தூர தேசத்துத் தெருக்களில் சக்கரமாக உருண்டது.

1933இல் இலண்டனின் பஸ், டிராம், சுரங்க இரயில் ஆகியவை ஒரே பொது வாரியத்தின் கீழ் வந்தன. ஹாரி பெக் வரைந்த எளிய வரைபடமும் அவ்வாண்டே வெளிவந்தது. நேர்கோடும் வண்ணமுமாக அமைந்த அப்படத்தைப் பார்த்து, ஊருக்குப் புதியவரும் வழி கண்டுகொள்ளலாம். 1940இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, சுரங்க நிலையங்களில் மக்கள் ஒதுங்குவதை அதிகாரிகள் முதலில் அனுமதிக்கவில்லை. மக்களோ மலிவான டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள், வெளியே வரவில்லை! பின்னர் அரசாங்கமே இணங்கியது.

இனி, காரின் கதை. இயந்திர வண்டிக்கு முன்னால் ஒருவர் செங்கொடி பிடித்து நடக்க வேண்டுமென்று 1865ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. முன்னால் ஆள் நடக்கும் விதி 1896இல் நீங்கியது. பிறகு கார்கள் பெருகின. 1952இல் பழைய டிராம்களும் நிறுத்தப்பட்டன. நாளடைவில் தெரு நிறையக் கார்கள் நின்றன. பஸ்ஸும் நகர முடியவில்லை. ஒரு பஸ்ஸில் அறுபது பேர் போகலாம். அதே அறுபது பேர் ஆளுக்கொரு காரில் வந்தால் தெரு தாங்குமா? 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் முதல், நகரின் மையத்துக்குள் வரும் கார்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு கட்டணம் விதிக்கப்பட்டது. பின்னர் அது உயர்ந்தது. அதில் கிடைக்கும் வருமானம் போக்குவரத்து மேம்பாட்டுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது சட்டம்.

நேயர்களே, இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? தண்டவாளம் போட்டுவிட்டால் மட்டும் ஏழை பயணம் செய்துவிட முடியாது. அவன் எழும் நேரத்துக்கு வண்டி வர வேண்டும். அவன் மடியில் இருக்கும் காசுக்குள் கட்டணம் அடங்க வேண்டும். இலண்டனில் இவை தாமாக வரவில்லை. பியர்சனைப் போன்றோர் வாதாடினார்கள். சட்டம் துணை நின்றது. நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும், நோயாளியின் மருத்துவமனைக்கும் வண்டி வேண்டுமென்று நாம் ஒன்றுகூடிக் கேட்பது பிச்சையன்று, உரிமை.