கப்பல் வந்த கரையும் குடும்பங்களின் ஏற்ற இறக்கமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

ஜமாஅத் பெருமக்களே! 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2018-இல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. கரைக்குச் செல்வம் வருவது வேறு. கரையில் வாழும் குடும்பம் உயர்வது வேறு. இவ்வுண்மையை நமக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஐரோப்பியர் வருமுன்பே பழவேற்காட்டு முஸ்லிம் வணிகர்கள் மலாக்கா வரை துணி ஏற்றுமதி செய்தனர். மலாய் மக்கள் இன்றும் கைலியைக் 'காயின் பெலேகாட்' என்பர். அப்பெயர் பழவேற்காட்டிலிருந்து பிறந்ததே. 1610-இல் டச்சுக்காரர் அங்கு வணிக உரிமை பெற்றனர். 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர்.

அதன்பின் ஏணியில் ஏறியவர் சிலர், இறங்கியவர் பலர். கம்பெனிக்குத் துணி திரட்டித் தந்த தரகு வணிகர்கள் செழித்தனர். வாசனைத் தீவுகளுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்ட கப்பல் வணிகர்கள் தொழிலை இழந்தனர். முன்பணம் பெற்ற நெசவாளர்கள் கடனால் கட்டுண்டனர். 1640-களில் பஞ்சம் வந்தபோது வறியோர் தம்மையும் தம் மக்களையும் விற்கும் நிலைக்கு வந்தனர். டச்சுக்காரர் அவர்களை அடிமைகளாக பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினர். 1690-இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது, சென்னையும் வளர்ந்தது. வணிகத்தையே நம்பியிருந்த தரகர்களின் செழிப்பும் தேய்ந்தது.

ஒரு குடும்பத்தின் பெருமை பெரும்பாலும் நான்கு தலைமுறையில் முடியும் என்றார் அறிஞர் இப்னு கல்தூன் (1332–1406). செல்வர் வீழ்வதை அவர் விளக்கினார். ஏழை எழுவது எப்போது? பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை அதைக் கணக்கிட்டது. அடித்தட்டிலுள்ள ஒரு குடும்பம் சராசரி வருமானத்தை எட்ட டென்மார்க்கில் 2 தலைமுறையும், இந்தியாவில் 7 தலைமுறையும் ஆகலாமாம். ஏற்றத்தாழ்வு மிகுந்த நாட்டில் ஏணிப்படிகளின் இடைவெளியும் பெரிது.

ஒப்பந்தக் கூலியில் வாழும் குடும்பம் பல ஆண்டுகளில் ஏறிய படியை ஒரு விபத்தோ, நோயோ, திருமணக் கடனோ ஒரே மாதத்தில் பறித்துவிடும். நம் சமுதாயத்தின் பின்தங்கிய நிலையை 2006-இல் சச்சார் குழு எடுத்துரைத்தது. 2007-இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. ஆயினும் பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைக்கு அக்கதவு திறவாது.

வீழ்ந்தபின் தாங்குவது பைத்துல்மாலின் கடமை. வீழுமுன் தாங்குவது அதனினும் சிறந்தது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை கல்வி உதவியும், வட்டியில்லா அழகிய கடனும் நம் செலவினங்களில் முதலிடம் பெற வேண்டும் என வேண்டுகிறோம். செல்வம் செல்வந்தரிடையே மட்டும் சுற்றிவரலாகாது என்பது திருமறையின் 59ஆம் அத்தியாயம் உணர்த்தும் நெறி. துறைமுகங்கள் கைமாறும், இடம் மாறும். கற்ற கல்வி குடும்பத்தோடு தங்கும்.

வல்ல அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றருள்வானாக! ஆமீன்.